லேப்டாப் சூடாகிறது: பேஸ்ட்டா, ஃபேனா, மதர்போர்டா?

தம்பி, நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான். பினாங்கு குளுகோரில் வாடகை அறை, ஏர்கான் கிடையாது. மூன்று வருடம் ஓடிய, ஒரு தடவைகூடத் திறக்காத கேமிங் லேப்டாப். போன செமஸ்டர் வரை ஒழுங்காக இருந்தது, கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு ஏறி, இப்போது வீடியோ எடிட் செய்தாலே ஃபேன் அலறுகிறது. கீபோர்டில் கை வைக்க முடியவில்லை. இரண்டு தடவை தானாகவே அணைந்துவிட்டது. ஒரு கடையில் "பேஸ்ட் காய்ந்துவிட்டது, 120 ரிங்கிட்" என்கிறார்கள் (சிப்புக்கும் அதன் மேல் இருக்கும் செம்புத் தகட்டுக்கும் நடுவில் சூட்டைக் கடத்தப் பூசும் களிம்புதான் பேஸ்ட்). இன்னொரு கடையில் திறந்துகூடப் பார்க்காமல் "மதர்போர்டு போய்விட்டது, 900 ஆகும்" என்கிறார்கள். நண்பர் லேப்டாப்புக்கு அடியில் வைக்கும், ஃபேன் உள்ள கூலிங் பேட் ஒன்று வாங்கிப் போட்டால் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

ஆக, ஏன் சூடாகிறது என்பதை விட, இருக்கிற காசை எதில் போட்டால் வீணாகாது என்பதுதான் உங்கள் கவலை. மிஷினைப் பார்க்காமல் இங்கிருந்தே இதுதான் கோளாறு என்று அடித்துச் சொன்னால் அது ஜோசியம். ஆனால் நீங்களே உங்கள் அறையில் உட்கார்ந்து, ஒரு ஸ்க்ரூகூடக் கழற்றாமல், பாதிக்கு மேற்பட்ட காரணங்களைக் கழித்துவிடலாம். நான் பாயான் லெப்பாஸில் சிப் சோதிக்கும் பிரிவில் சில வருடம் இருந்துவிட்டு, அப்புறம் பட்டர்வொர்த்தில் பழுது பார்க்கும் வேலைக்கு வந்தவன். இரண்டு இடத்திலும் தினமும் பழகியது இந்தச் சூட்டோடுதான்.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். 90 டிகிரி என்று பார்த்தவுடன் சிப் கருகிவிடும் என்று பதற வேண்டாம். இன்டெல் லேப்டாப் சிப்களில் பெரும்பாலானவற்றுக்கு உச்ச வரம்பு 100 டிகிரி செல்சியஸ். ஏஎம்டி ரைசனில் மாடலைப் பொறுத்து 95 முதல் 105 வரை. அந்த வரம்பைத் தொட்டதும் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சிலிக்கான் சூடு தாங்கும். அதைச் சுற்றி இருப்பவைதான் தாங்காது. பேட்டரி, ஃபேனின் பேரிங், பேஸ்ட், தெர்மல் பேட் இவையெல்லாம் சூட்டில் சீக்கிரம் வயதாகிவிடும். கேம் ஓடும்போது 85, 90 என்று காட்டுவது கேமிங் லேப்டாப்பின் சுபாவம். வெறும் டெஸ்க்டாப் படம் மட்டும் தெரியும்போது 80 காட்டினால் அது கோளாறு.

சூடு போகிற பாதையைத் தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது. சிப் எத்தனை வாட் மின்சாரம் எடுக்கிறதோ அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். அந்தச் சூடு சிப்பிலிருந்து பேஸ்ட் வழியாகச் செம்புத் தகட்டுக்குப் போகிறது. தகட்டிலிருந்து ஹீட் பைப்புக்கு. அந்தச் செம்புக் குழாய்க்குள் காற்றை உறிஞ்சிவிட்டு மிகக் கொஞ்சம் தண்ணீர் வைத்திருப்பார்கள். சூடான முனையில் அது ஆவியாகி, குளிர்ந்த முனையில் மறுபடி தண்ணீராகித் திரும்பி வரும். குளிர்ந்த முனையில் மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும், அதற்குப் பெயர் ஃபின். ஃபேன் ஊதுகிற காற்று அந்த ஃபின் இடுக்கில் நுழைந்து வெளியேறும்போது சூட்டையும் கொண்டுபோகிறது. இந்தப் பாதையில் எந்த இடத்தில் சூடு தங்குகிறது என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு முதல் கருவி உங்கள் உள்ளங்கை. லேப்டாப்பை வெறும் மேசையில் வைத்து, வீடியோ எக்ஸ்போர்ட் மாதிரி கனமான வேலை ஒன்றைக் கொடுத்துப் பத்து நிமிடம் விடுங்கள். அப்புறம் காற்று வெளியே வரும் துவாரத்தில், பக்கவாட்டிலோ திரை மடங்கும் இடத்திலோ, கையை வையுங்கள். ஃபேன் சத்தமாக ஓடுகிறது, காற்று பலமாகவும் நல்ல சூடாகவும் வருகிறது என்றால் பாதை பெரும்பாலும் சரியாக இருக்கிறது. மிஷினுக்கு வேலைதான் அதிகம். ஃபேன் கத்துகிறது, ஆனால் காற்று சோம்பலாக, கையில் படுவதே தெரியாமல் வருகிறதா? பெரும்பாலும் ஃபின் அடைத்திருக்கிறது. காற்று பலமாக வருகிறது, ஆனால் வெதுவெதுப்புகூட இல்லை, திரையில் சிப் மட்டும் 95 காட்டுகிறது என்றால் சூடு ஃபின் வரைக்கும் வந்து சேரவில்லை. பேஸ்ட் காய்ந்திருக்கலாம், தகட்டின் ஸ்க்ரூ தளர்ந்திருக்கலாம், அபூர்வமாக ஹீட் பைப்பே செத்திருக்கலாம். மிஷின் கொதிக்கிறது, ஃபேன் சத்தமே இல்லை என்றால் ஃபேன் நின்றுவிட்டது. இரண்டு ஃபேன் இருக்கும் மாடலில் ஒன்று மட்டும் நிற்பதும் உண்டு, அதனால் எல்லாத் துவாரத்திலும் கை வைத்துப் பாருங்கள். சில மிஷின்கள் ஆன் செய்ததுமே கறுப்புத் திரையில் ஃபேன் பிழை என்று சொல்லிவிடும். அதை எஸ்கேப் தட்டிக் கடந்து போகிறவர்கள்தான் அதிகம்.

கை சொன்னதை எண்ணால் உறுதி செய்ய ஒரு மென்பொருள் வேண்டும். கோர் டெம்ப் போதும், இன்னும் விவரம் வேண்டுமென்றால் ஹெச்டபிள்யூ இன்ஃபோ. இரண்டும் இலவசம். பெரும்பாலோர் வெப்பநிலையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். பக்கத்திலேயே சிப் எத்தனை வாட் எடுக்கிறது என்று ஒரு வரி இருக்கும், அதையும் சேர்த்துப் பாருங்கள். 45 வாட் எடுத்துக்கொண்டு 92 டிகிரி என்றால் கேமிங் மிஷினுக்கு அது சாதாரணம். 12 வாட் மட்டும் எடுத்துக்கொண்டு 92 டிகிரி என்றால் சூடு வெளியே போகவே இல்லை என்று அர்த்தம். வெப்பநிலை ஒன்றே, கதை வேறு.

இன்னொன்று, எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று கவனியுங்கள். கடைக்காரர்கள் இதை அதிகம் சொல்வதில்லை, ஆனால் எனக்கு இதுதான் மிகவும் நம்பகமான அடையாளம். வேலையைத் தொடங்கிய ஒன்றிரண்டு விநாடியில் 50-லிருந்து 95-க்குத் தாவி, வேலையை நிறுத்தியதும் அதே வேகத்தில் விழுந்தால், சிப்புக்கும் செம்புத் தகட்டுக்கும் நடுவில் ஒட்டு சரியில்லை. சூடு தகட்டுக்குப் போக வழியில்லாமல் சிப்பிலேயே நிற்பதால்தான் அந்தத் தாவல். ஒரு விஷயம், புதிய சிப்கள் டர்போ வேகத்தில், அதாவது வழக்கமான வேகத்தைத் தாண்டி ஓடும்போது, முதல் விநாடியில் கொஞ்சம் தாவத்தான் செய்யும். தாவிய பிறகு அங்கேயே வரம்பில் முட்டிக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். மாறாக ஐந்து, பத்து நிமிடம் எடுத்துக்கொண்டு மெதுவாக ஏறி, நிறுத்திய பிறகும் இறங்க நேரம் எடுத்தால் செம்பு முழுக்கச் சூடாகிவிட்டது, அதைக் காற்று எடுத்துப் போகவில்லை. அது ஃபேன் அல்லது தூசி. உங்கள் மிஷின் எந்த வகை என்று தெரிந்தாலே 120 ரிங்கிட் கடைக்காரர் சொன்னது சரியா என்று பாதி விடை கிடைத்துவிடும்.

நம் ஊர் வெக்கையையும் கணக்கில் எடுக்க வேண்டும். பினாங்கில் பகலில் அறைக்குள் 32, 33 டிகிரி இருப்பது சாதாரணம். லேப்டாப் ஃபேன் அறைக் காற்றைத்தான் ஊதுகிறது, அதைக் குளிர வைக்காது. அறை பத்து டிகிரி கூடினால் சிப்பும் ஏறக்குறைய அதே பத்து டிகிரி கூடும். குளிர் நாட்டில் உட்கார்ந்து யூடியூபில் விமர்சனம் செய்பவர் காட்டும் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிட்டுக் கலங்க வேண்டாம். அதே வேலையை ஒரு நாள் பல்கலைக்கழக நூலகத்தில், ஏர்கானில் செய்து பாருங்கள். எண் பத்து டிகிரி இறங்கி எல்லாம் சுமுகமானால் உங்கள் மிஷின் எல்லையில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது, கொஞ்சம் சுத்தம் செய்தால் தேறிவிடும். நூலகத்திலும் அதே 95, அதே அலறல் என்றால் அறையைக் குறை சொல்லிப் பயனில்லை. மெத்தை, தலையணை, துணி விரித்த மேசை இவை மேல் வைக்கிறீர்களா என்பதையும் யோசித்துப் பாருங்கள். பெரும்பாலான மாடல்கள் அடிப்பக்கத்திலிருந்துதான் காற்றை இழுக்கின்றன.

திறப்பதற்கு முன்னால் மென்பொருளையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஒன்றும் செய்யாமல் ஐந்து நிமிடம் விட்டு, சிபியு, அதாவது அந்தச் சிப், எத்தனை சதவீதம் என்று பாருங்கள். சும்மா இருக்கும்போது ஐந்துக்குள் இருக்க வேண்டும். முப்பது, நாற்பது என்று நின்றால் ஏதோ ஒன்று பின்னால் ஓடுகிறது. விண்டோஸ் பெரிய அப்டேட் போட்ட அடுத்த நாள் அப்படி இருந்தால் கவலை இல்லை, அது கோப்புகளை அட்டவணை போட்டுக்கொண்டிருக்கும். தினமும் அப்படியென்றால் பிரவுசர் எக்ஸ்டென்ஷன், ஆன்டிவைரஸ், அல்லது கிராக் செய்த எடிட்டிங் மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வந்த காயின் மைனர், அதாவது உங்களுக்குத் தெரியாமல் உங்கள் மிஷினை வைத்து வேறு யாருக்கோ கிரிப்டோ காசு சேர்க்கும் மென்பொருள். கடைசியாகச் சொன்னது மாணவர்கள் கொண்டுவரும் மிஷின்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் ஃபேன் அடங்கி, மூடியதும் மறுபடி கத்த ஆரம்பித்தால் அந்தச் சந்தேகம் வலுவாகிறது, ஏனென்றால் சில மைனர்கள் அதைக் கண்டதும் ஒளிந்துகொள்ளும். மூடி வைத்துப் பையில் போட்ட லேப்டாப் வீட்டுக்கு வந்து எடுக்கும்போது சூடாக இருக்கிறது என்றால் அது வேறு விவகாரம். புதிய மாடல்களில் ஸ்லீப் என்பது முழுத் தூக்கம் இல்லை, உள்ளே இணையத்தோடு பேசிக்கொண்டே இருக்கும். பையில் போடும் முன் ஹைபர்னேட் செய்யுங்கள், இல்லையென்றால் ஷட்டவுன்.

சரி, இப்போது திறப்பது. வாரண்டி மிச்சம் இருந்தால் திறக்காதீர்கள், சர்வீஸ் சென்டருக்கே கொண்டுபோங்கள். உங்களுக்கு மூன்று வருடம் ஆகிவிட்டது, அநேகமாக முடிந்திருக்கும். அடி மூடியைக் கழற்றிப் பார்த்தால் ஃபேன் பெரும்பாலும் சுத்தமாகத்தான் தெரியும். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தூசி ஃபேனில் அதிகம் தங்காது. ஃபேனுக்கும் ஃபின்னுக்கும் நடுவில், வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் கண்ணுக்குத் தெரியாத இடுக்கில், அழுத்திச் செய்த கம்பளித் துண்டு மாதிரி படிந்திருக்கும். ஃபேனின் மேல்மூடியைத் தனியாகக் கழற்றினால்தான் தெரியும். சாம்பல் நிறத்தில், ஃபின்னின் அகலத்துக்கு அளவெடுத்தது போல நீளமாக இருக்கும். ட்வீசரால் ஒரு ஓரத்தைப் பிடித்து மெதுவாக இழுத்தால் முழுசாக உரிந்து வரும். வெளியிலிருந்து துவாரத்துக்குள் ப்ளோயரால் ஊதினால் அந்தத் துண்டு போகாது, கொஞ்சம் உள்ளே நகர்ந்து ஃபேனை ஓட்டிய பிறகு திரும்ப அதே இடத்தில் ஒட்டிக்கொள்ளும். ஊதும்போது ஃபேன் சுற்றாமல் ஒரு பல்குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள், அளவுக்கு மீறிச் சுற்றினால் பேரிங் போய்விடும். சாமி மேடைக்குப் பக்கத்திலோ சமையலறை மேசையிலோ ஓடிய மிஷின் என்றால் தூசி காய்ந்த துண்டாக இருக்காது. சாம்பிராணிப் புகையும் எண்ணெய்ப் புகையும் சேர்ந்து பிசினாகியிருக்கும், ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பிரஷ்ஷால்தான் எடுக்க வேண்டும். சின்ன எறும்புகள் உள்ளே குடித்தனம் நடத்துவதும் நம் ஊரில் உண்டு. அதைப் பார்த்து அலற வேண்டாம்.

எதைத் தொடும் முன்னும் பேட்டரி கனெக்டரைப் பிடுங்கிவிடுங்கள். ஃபேன் பிளக்கை வயரைப் பிடித்து இழுக்காதீர்கள், அந்தப் பிளக் மிகச் சின்னது, போர்டோடு பெயர்ந்து வந்துவிடும். இதுவரை நீங்களே செய்யலாம். செம்புத் தகட்டைத் தூக்குவது அடுத்த படி. அதைத் தூக்கினால் பேஸ்ட் மாற்றியே ஆக வேண்டும், பழையதை வைத்து மூட முடியாது. கை நடுங்குமென்றால் அங்கே நிறுத்திக்கொண்டு கடைக்குக் கொடுங்கள்.

பேஸ்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாக் கடையிலும் முதலில் வரும் வார்த்தை அதுதான். மூன்று வருடம் நன்றாக வேலை வாங்கிய கேமிங் லேப்டாப்பில் பேஸ்ட் மோசமாகியிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. காய்வது ஒரு காரணம். சூடாகி விரிந்து, குளிர்ந்து சுருங்கி, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குப் பிதுங்கிப் போவது இன்னொரு காரணம். நடுவில் சிப் வெறுமையாகவும் ஓரத்தில் வரம்பு கட்டியது போலவும் தெரிந்தால் இதுதான். அதனால் மேசைக் கணினிக்குப் போடுகிற இளகலான பேஸ்ட்டை லேப்டாப் சிப்பில் போட்டால் சில மாதத்தில் பழையபடி ஆகிவிடலாம். கெட்டியான பேஸ்ட் தேவலை. அதைவிட, பேஸ்ட்டுக்குப் பதிலாக வைக்கும் ஹனிவெல்லின் பிடிஎம் 7950 என்ற மெல்லிய ஷீட் லேப்டாப்புக்குப் பொருத்தம். அறைச் சூட்டில் கெட்டியாக இருந்து, மிஷின் சூடானதும் இளகிப் படிந்துகொள்ளும், பிதுங்கி ஓடுவது குறைவு. லிக்விட் மெட்டல் வேண்டவே வேண்டாம். அது மின்சாரம் கடத்தும், ஒரு சொட்டு சிந்தினால் போர்டு காலி. அலுமினியத்தையும் அரித்துவிடும்.

சர்வீஸ் செய்த பிறகு முன்பைவிடச் சூடாகிறது என்று வருகிற மிஷின்களில் பேஸ்ட்டின் மேல் தப்பு இருப்பது குறைவு. மெமரிக்கும் மின் பாகங்களுக்கும் மேலே தெர்மல் பேட் என்று மெத்தென்ற துண்டுகள் இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு கனம். அரை மில்லிமீட்டர் வேண்டிய இடத்தில் ஒரு மில்லிமீட்டர் பேட் போட்டால் தகடு அங்கே தூக்கிக்கொண்டு, சிப்பின் மேல் சரியாகப் படியாது. எவ்வளவு உயர்ந்த பேஸ்ட் போட்டாலும் பயனில்லை. அதேபோலத் தகட்டின் ஸ்க்ரூக்களுக்குப் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் பொறித்திருக்கும். அந்த வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரு மூலையை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனால் தகடு சாய்ந்துவிடும். கடையில் கேட்க வேண்டிய கேள்வி பேஸ்ட்டின் பிராண்டு இல்லை. "பேட் மாற்றுவீர்களா, என்ன கனம் போடுவீர்கள்?" என்று கேளுங்கள். விஷயம் தெரிந்தவரா என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இப்போது தானாக அணைந்த விஷயம். இதில்தான் நான் தயங்குகிறேன். நான் முன்பு சொன்னபடி, சூடு ஏறினால் சிப் முதலில் வேகத்தைக் குறைக்கும், உடனே அணைந்துவிடாது. அணைகிற அளவுக்குப் போயிருந்தால் ஃபேன் நின்றிருக்க வேண்டும், அல்லது காற்றுப் பாதை ஏறக்குறைய முழுக்க அடைத்திருக்க வேண்டும், அல்லது சிப் இல்லாத வேறொரு பாகம் கொதித்திருக்க வேண்டும். சூடே காரணமாக இல்லாமல் பேட்டரியோ சார்ஜரோ மின்சாரத்தைத் திடீரென்று விட்டாலும் இதே போலத்தான் பட்டென்று அணையும். விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று பதிவாகியிருக்கும், பலர் அதை வைத்துப் பயமுறுத்துவார்கள். அது எதிர்பாராமல் அணைந்தது என்று மட்டும்தான் சொல்கிறது, ஏன் என்று சொல்வதில்லை. ஹெச்டபிள்யூ இன்ஃபோவில் லாக் பதிவை ஆன் செய்து வைத்துவிட்டு வேலை செய்யுங்கள். அடுத்த முறை அணைந்தால் கடைசி வரியில் என்ன எண் என்று பாருங்கள். 98, 100 என்றால் சூடு. 70-ல் அணைந்திருந்தால் சிப்பின் பேஸ்ட்டை மாற்றிப் பெரும்பாலும் பிரயோஜனம் இல்லை, மின் பக்கத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் மதர்போர்டு என்ற பேச்சுக்கு ஓரளவு அர்த்தம் வரலாம். ஆனால் திறக்காமல், மீட்டர் வைக்காமல் 900 ரிங்கிட் சொன்னவரிடம் நான் என் மிஷினைக் கொடுக்க மாட்டேன்.

கூலிங் பேட் பற்றி நண்பர் சொன்னது முழுப் பொய் இல்லை. அடியில் காற்று இழுக்கும் துவாரமும் பேடின் ஃபேனும் நேருக்கு நேர் இருந்தால் சில டிகிரி குறையும். உள்ளே அடைத்திருந்தால் வெளியே எத்தனை ஃபேன் வைத்தாலும் ஒன்றும் நடக்காது. அந்தச் சில டிகிரியைக் காசு கொடுக்காமலே பெறலாம்: லேப்டாப்பின் பின்பக்கத்தில் இரண்டு பாட்டில் மூடிகளை வைத்துத் தூக்கிவிடுங்கள், அடியில் காற்று நுழைய இடம் கிடைக்கும். அவசரத்துக்கு இன்னொரு வழி, விண்டோஸ் பவர் செட்டிங்கில் ப்ராசஸர் உச்ச அளவை 100-லிருந்து 99 ஆக்குங்கள். டர்போ நின்றுவிடும். எக்ஸ்போர்ட் கொஞ்சம் மெதுவாகும், சூடு கணிசமாக இறங்கும். அசைன்மெண்ட் முடிக்கும் வரை இதில் ஓட்டலாம்.

ஒன்றே ஒன்றில் மட்டும் காத்திருக்க வேண்டாம். சூடு கீபோர்டின் மேல்பாதியில் இருந்தால் அது சிப்பின் சூடு. மணிக்கட்டு வைக்கும் இடமோ டச்பேட்டின் அடியோ சூடாக இருந்தால், பெரும்பாலான மாடல்களில் அங்கே இருப்பது பேட்டரி. டச்பேட் மேலே எழும்பியிருக்கிறதா, கிளிக் கெட்டியாகிவிட்டதா, மேசையில் வைத்தால் லேப்டாப் ஆடுகிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜரைக் கழற்றி, அணைத்து, மறுபடி ஆன் செய்யாமல் அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோங்கள். குத்தாதீர்கள், அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள்.

பேட்டரி சரியாக இருந்தால், இன்றைக்குக் கை வைத்துப் பாருங்கள், நாளைக்கு நூலகத்தில் ஒரு முறை ஓட்டுங்கள். நீங்கள் சொல்லும் விவரத்தை வைத்துப் பார்த்தால், கொஞ்சம் கொஞ்சமாக மோசமானது, மூன்று வருடம், திறந்ததே இல்லை, தூசியும் பேஸ்ட்டும் சேர்ந்துதான் காரணம் என்பது என் கணிப்பு. கணிப்புதான். மாடல் பெயர், சும்மா இருக்கும்போது எத்தனை டிகிரி எத்தனை வாட், எக்ஸ்போர்ட்டில் எத்தனை டிகிரி எத்தனை வாட், ஏற எவ்வளவு நேரம் ஆனது, காற்று எப்படி வந்தது, இவ்வளவையும் எழுதுங்கள். 120 ரிங்கிட் கொடுக்கலாமா என்று அப்போது சொல்கிறேன்.